இழுத்துத் தைத்த முகம்

செந்தில், அம்மா எழுதுகிறேன். பவித்ராவுக்குத் தைத்த முகூர்த்த ஜாக்கெட்டும் வரவேற்பு ஜாக்கெட்டும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. அவற்றை அவளிடம் கொடுத்துவிட்டு, இந்தக் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போய் உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் ஆரம்பித்தால் உடனே வீடியோவைப் போடச் சொல்வாய். வீடியோவைப் போட்டால் என் முகத்தைப் பார்ப்பாய். முகத்தைப் பார்த்துவிட்டால் நான் சொல்வது எதுவும் உன் காதில் ஏறாது. கொஞ்ச நாளாக உன்னிடம் மட்டுமில்லை, எல்லாரிடமும் எனக்கு இதுதான் நடக்கிறது. அதனால்தான் இஞ்ச் டேப் பிடித்த கையில் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வருகிற திங்கட்கிழமை சென்னையில் என் முகத்துக்கு இரண்டாவது ஆபரேஷன் என்று டாக்டரம்மாவிடம் தேதி வாங்கி வைத்திருக்கிறாய் அல்லவா, அது நடக்காது. நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. அவரே கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆனால் நீ போட்ட லீவு போட்டதாகவே இருக்கட்டும். பெங்களூரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வா. நாம் சென்னைக்குத்தான் போகிறோம், வேறு ஆஸ்பத்திரிக்கு. ஏன் என்று கேட்டுப் பதறாதே, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

முதல் ஆபரேஷனை நான் எதற்காகச் செய்துகொண்டேன் என்று நீ கேட்டதே இல்லை. கல்யாண வயதில் இருக்கிற பையனுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். நம் தையல் கடை ட்ரையல் ரூமில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று இருக்கிறதே, அதுதான் காரணம். கல்யாணப் பெண்கள் அதன் முன்னால் நிற்பார்கள், நான் பின்னால் நின்று குண்டூசி குத்துவேன். கண்ணாடியில் அந்தப் பெண்ணின் முகத்துக்குப் பக்கத்திலேயே என் முகமும் தெரியும். முகூர்த்த மாதம் வந்தால் நாள் முழுக்க அப்படித்தான். அவர்களுக்கு வயது ஏறுவதே இல்லை. ஒருத்தி தாலி கட்டிக்கொண்டு போனால் இன்னொருத்தி அதே வயதில் வந்து நிற்பாள். எனக்கு மட்டும்தான் வருஷா வருஷம் தாடை தொங்கிக்கொண்டு வந்தது. ஒருநாள் என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் இரண்டு பேரும் பழைய கதை பேசிச் சிரித்ததைப் பார்த்துவிட்டு அந்தப் பெண் அவளிடம், "ஏம்மா, இவங்க ஒனக்கு டீச்சரா?" என்று கேட்டது. என்னோடு படித்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த ஜாக்கெட்டைத் தைத்து முடிக்கிற வரைக்கும் எனக்கு வயிறு எரிந்துகொண்டே இருந்தது.

என் உழைப்பில் சேர்த்ததை எடுத்துக்கொண்டு, கடையில் என்னோடு தைக்கிற மல்லிகாவைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். என்ன செய்வார்கள் என்று டாக்டரம்மா படம் போட்டுக் காட்டினார். காதுக்கு முன்னாலும் பின்னாலும் கீறி, தோலையும் அதற்கு அடியில் இருக்கிற சதையையும் மேலே தூக்கிப் பிடித்து, மிச்சத் தோலை வெட்டித் தைத்துவிடுவார்களாம். "லூசா இருக்கற ஜாக்கெட்ட புடிச்சிக் குடுக்கற மாதிரி தானேங்க?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதேதான். ஆனா நான் இப்ப இருக்கற உடம்புக்குத்தான் பிடிக்கறேன், அதை ஞாபகம் வச்சுக்கங்க. எடை குறைக்கற எண்ணம் இருந்தா முதல்ல குறைச்சிட்டு, அது ஒரே இடத்துல நின்னப்புறம் என்கிட்ட வாங்க. பின்னாடி ஒண்ணு ரெண்டு கிலோ ஏறி இறங்கினா முகம் தாங்கிக்கும். நிறைய இறங்கிட்டா கன்னம் வத்திப் போயிடும், தோல் மறுபடி தொங்கும்" என்றார். நான் பெருமையாகச் சொன்னேன், செந்தில் பிறந்ததிலிருந்து என் ஜாக்கெட் அளவு மாறியதே இல்லை என்று. அது உண்மைதான். அப்போது உண்மைதான்.

உன் அப்பா என்ன சொன்னார் என்று உனக்கு நினைவிருக்கும். "அந்தக் காசுல இன்னொரு போர் போட்டிருந்தா கரும்புக்கு ரெண்டு தண்ணி ஜாஸ்தி பாய்ச்சி இருக்கலாம்" என்று நாலு நாள் முணுமுணுத்துவிட்டு, அஞ்சாம் நாள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, "இதப் பாரு, இனிமே ஒன் மூஞ்சியப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். நல்லாருக்குதுன்னும் சொல்ல மாட்டேன், நல்லால்லன்னும் சொல்ல மாட்டேன்" என்றார். மனிதர் சொன்ன சொல் தவறாதவர். ஊரில் நான் எதையும் மறைக்கவில்லை. பல்லுக்குப் போனேன், காதுக்குப் போனேன் என்று கதை கட்டவில்லை. கேட்டவர்களிடம், "ஆமா, இழுத்துத் தெச்சிக்கினு வந்தேன், இப்ப இன்னா?" என்று நேராகவே சொன்னேன். கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்த பேச்சு கள்ளக்குறிச்சி வரை போய்ச் சேர்ந்தது. அதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்த முகத்தோடு நான் சந்தோஷமாக இருந்தேன். கண்ணாடியில் பெண்ணுக்குப் பின்னால் நிற்கும்போது என் பார்வையும் தாழவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, அம்மா ஆபரேஷனுக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்துவிடாதே. அதைச் செய்துகொண்டதற்காக நான் ஒருநாளும் அழமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் இளைக்க ஆரம்பித்தேன். முதலில் யாருக்கும் அது கெட்ட செய்தியாகப் படவில்லை, எனக்கும்தான். புடவை மடிப்பு நன்றாக நிற்கிறது என்று மல்லிகா சொன்னாள். முட்டி வலி குறைந்தது. சாயங்காலம் கடைக்கு வரும் போண்டாவை நிறுத்திவிட்டேன், அதனால்தான் என்று எல்லாரிடமும் சொன்னேன். செந்தில், உன்னிடம் உள்ளதைச் சொல்கிறேன், நான் போண்டாவை நிறுத்தவில்லை. அதன் வாசனையே எனக்குப் பிடிக்காமல் போயிருந்தது. அப்புறம் சாம்பார் பிடிக்கவில்லை. ஒரு தோசை தின்றால் கழுத்து வரை நிறைந்துவிடுகிற மாதிரி இருந்தது. பிடிக்காமல் போனதையெல்லாம் நானே கட்டுப்பாடாக விட்டதாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஜாக்கெட் லூசானால் கழற்றி மல்லிகாவிடம் போட்டு, "இதக் கொஞ்சம் புடிச்சிக் குடு" என்பேன். பழைய தையலுக்கு உள்ளே ஒரு தையல், அதற்கும் உள்ளே இன்னொரு தையல் என்று போய்க்கொண்டே இருந்தது. இடுப்புக்குக் கீழே எல்லாம் சேலைக்குள் அடங்கிவிட்டது. முகத்துக்குத்தான் பிடித்துத் தைக்க ஆள் இல்லை. கன்னம் உள்ளே போனது. காதோரம் இழுத்த இடத்தில் மட்டும் தோல் விறைப்பாக நின்றது, அதற்குக் கீழே தாடையிலும் கழுத்திலும் முன்னைவிட மோசமாகத் தொங்கியது.

ஊர் என்ன பேசியது என்று நீயே யோசித்துக்கொள். "காசு குடுத்து இழுத்த மூஞ்சி, எறங்கிடுச்சி பாரு" என்று என் காதுபடவே பேசினார்கள். நம்மூர்ப் பழக்கம் உனக்குத் தெரியும். ஒருத்தர் ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்து எழுந்து தெருவில் இறங்கினால் போதும். பூக்காரி கேட்பாள், டீக்கடைக்காரர் கேட்பார், டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கேட்பார், "இன்னாக்கா, பாதியாட்டம் ஆயிட்ட, ஒடம்புக்கு முடியலயா?" என்று. உனக்கு மஞ்சள்காமாலை வந்து இளைத்திருந்தபோது, பதில் சொல்லி மாளாமல் உன்னை வீட்டுக்குப் பின்பக்கமாகவே பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். எனக்கு அந்தக் கேள்வியே பிடிக்காது, வம்புக்கு அலைகிறார்கள் என்று திட்டுவேன். இந்தத் தடவை நான் உண்மையிலேயே பாதியாகிக்கொண்டிருந்தேன். ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. எல்லாருடைய கண்ணும் நேராக என் காதோரத்துக்குப் போகும், தையல் தெரிகிறதா என்று பார்க்கும், உடனே திரும்பிக்கொள்ளும். கேட்டால் நான் சங்கடப்படுவேன் என்று நல்லவர்கள் கேட்கவில்லை. பதில்தான் தெரியுமே என்று மற்றவர்கள் கேட்கவில்லை.

உன் அப்பாவும் கேட்கவில்லை. மூஞ்சியைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொன்னவர் அல்லவா, பேசாமலேயே இருந்தார். நீயும் கேட்கவில்லை. வீடியோவில் வரும்போதெல்லாம், "அம்மா, போனக் கொஞ்சம் மேல தூக்கிப் புடி, கழுத்து தெரியுது" என்பாய். நிச்சயதார்த்த போட்டோக்கள் வந்த அன்று நீ தயங்கித் தயங்கி, "கல்யாணத்துக்குள்ள மறுபடி பண்ணிக்கலாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். எனக்கு அன்று கண் கலங்கிவிட்டது. அம்மாவின் ஆசையைப் புரிந்துகொண்ட பிள்ளை என்று நினைத்து மல்லிகாவிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். உன்மேல் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கே தோன்றாத கேள்வி உனக்கு எப்படித் தோன்றும்? நானும் கண்ணாடியில் என் காதோரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா போட்ட தையல் விட்டுப்போச்சு என்றுதான் நானும் நம்பினேன்.

கல்வராயன் மலையிலிருந்து சின்னப்பொண்ணு என்று ஒருத்தி வருவாளே, உனக்குக்கூட ஒரு தடவை தேன் கொண்டுவந்து கொடுத்தாள், அவள் போன மாதம் வந்தாள். குடும்பத்தோடு மிளகு பறிக்கிற வேலைக்கு வெளியூர் போனவள் ரொம்ப நாள் கழித்து மலைக்குத் திரும்பியிருந்தாள். மகளுக்குக் கல்யாணம், ஜாக்கெட் தைக்க வேண்டும் என்று வெள்ளிமலை பஸ்ஸில் இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். நான் தலையைக் குனிந்து துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்ததும் அவள் பையைக் கீழே வைத்துவிட்டாள். "யக்கா, இன்னா இது? இப்டி எளச்சிப் போயிட்ட! ஒடம்புக்கு இன்னா?" என்றாள். மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த மல்லிகா காலை நிறுத்திவிட்டாள். "ஒன்னுமில்லடி, போண்டா தின்றத நிறுத்திட்டேன்" என்றேன். "போண்டா வுட்டா இப்டி ஆவாங்களா? எங்க மாமியா போறதுக்கு முன்னால இப்டித்தான் ஆனாங்க" என்று சொல்லிவிட்டு, அவள்பாட்டுக்குத் துணியைப் பிரித்துப் போட்டு, கைக்கு லைனிங் வேண்டாம், கூலியைக் கம்மி பண்ணு என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு ஒன்றும் விசேஷமாகத் தெரிந்துவிடவில்லை. நான் ஆபரேஷன் செய்துகொண்ட கதை அவள் காதுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தக் கதை தெரியாத ஒரே ஆள் அவள்.

அவள் போனபிறகு மல்லிகா என்னைப் பார்க்கவில்லை, நானும் அவளைப் பார்க்கவில்லை. என்னுடைய அளவு ஜாக்கெட் ஒன்று கடை பீரோவில் கிடக்கிறது. புதிதாகத் தைக்கும்போது அளவுக்கு வைத்துக்கொள்கிற ஜாக்கெட், அதனால் அதை நான் போடுவதுமில்லை, யாரும் பிடிப்பதுமில்லை. அதை எடுத்துக்கொண்டு ட்ரையல் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தேன். மற்ற ஜாக்கெட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் பிடித்துத் தைத்ததில் எனக்குத் தெரியாமல் போனதெல்லாம் அதில் ஒரே அடியாகத் தெரிந்தது. கொக்கி மாட்டியபிறகும் இரண்டு பக்கமும் என் கை முழுசாக உள்ளே போனது. கண்ணாடியில் எனக்கு முன்னால் கல்யாணப்பெண் யாரும் இல்லை. நான் மட்டும் நின்றேன், யாருடைய ஜாக்கெட்டையோ மாற்றிப் போட்டுக்கொண்டவள் மாதிரி. எத்தனையோ உடம்பை அளந்திருக்கிறேன் செந்தில். பிரசவமானவள், கவலையில் மெலிந்தவள், சர்க்கரை வந்தவள் எல்லாரையும் டேப்பில் பார்த்தவள் நான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

அப்படியும் சென்னைக்குப் போனபோது முகத்துக்காகத்தான் போனேன். மனுஷ புத்தி அப்படி. நீ வாங்கிக் கொடுத்த தேதிக்கு முன்னால் ஒரு தடவை காட்ட வேண்டும் என்றார்களே, அதற்காகப் போனேன். டாக்டரம்மா என் முகத்தைத் தொடவே இல்லை. எடை மிஷினில் ஏறச் சொன்னார். அதைப் பார்த்தார், அவரிடம் இருந்த பழைய கணக்கைப் பார்த்தார், பிறகு நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "இதை நீங்க குறைச்சீங்களா, தானா குறைஞ்சதா?" என்று கேட்டார். நான் போண்டா கதையை ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு மறுபடி அதையே கேட்டார். தானாகத்தான் என்று சொன்னேன். வெளியே ஒருவரிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "தையல் விட்டுப்போகலம்மா. நான் தூக்கி வச்சது வச்ச இடத்துலதான் இருக்கு. அதுக்கு அடியில இருந்ததுதான் போயிடுச்சு. இன்னும் போயிக்கிட்டே இருக்கற உடம்புல மறுபடி இழுத்துத் தைச்சா நிக்காது. உங்க உடம்பு ஆபரேஷனைத் தாங்குமான்னும் எனக்குத் தெரியாது. ஏன் குறையுதுன்னு முதல்ல பாருங்க. என்னோட தேதி எங்கயும் போயிடாது" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை தாண்டுகிற வரைக்கும் மல்லிகா என் கையை விடவில்லை.

கள்ளக்குறிச்சியில் ஸ்கேன் எடுத்தேன். எடுத்த பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டது. அவள் அக்கா கல்யாணத்துக்கு நான்தான் ஜாக்கெட்டில் ஆரி எம்பிராய்டரி செய்து கொடுத்தேனாம். வயிற்றில் ஜெல்லைத் தடவிக்கொண்டே, "அக்கா, எனக்கும் அதே மாதிரி மயில் போட்டுக் குடுப்பீங்களாக்கா, கழுத்து கொஞ்சம் கீழ எறக்கி" என்று பேசிக்கொண்டு வந்தாள். பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டாள். அந்தக் கருவியை ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தாள், அழுத்தினாள், திரையைப் பார்த்தாள். மயிலுக்கு என்ன கலர் என்று நானாகக் கேட்டேன். அவள் திரையில் ஒரு படம் எடுத்தாள், இன்னொன்றும் எடுத்தாள். முடித்துவிட்டு ஜெல்லைத் தானே துடைத்துவிட்டாள். உள்ளே நுழையும்போது என்னை அக்கா என்று கூப்பிட்ட பெண், என்னைக் கைத்தாங்கலாக எழுப்பி உட்காரவைத்து, "பெரிய ஆஸ்பத்திரியில ஒருவாட்டி காட்டிடுங்கம்மா. தள்ளிப் போடாதீங்கம்மா" என்றாள். என்ன என்று அவள் சொல்லவில்லை. அங்கிருந்த டாக்டரும் இது என்று பெயர் வைத்துச் சொல்லவில்லை. சதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். ஒன்றுமில்லாமலும் போகலாம் என்றும் சொன்னார், ஆனால் அதைச் சொல்லும்போது அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

உன் அப்பாவிடம் நேற்றுதான் சொன்னேன். கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். செம்பைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்டி, நீ எளச்சிக்கினே போனது தெரியும். கேக்கலாம்னு வாய் வரைக்கும் வரும். மூஞ்சியப் பத்திப் பேச மாட்டேன்னு சொல்லிட்டேன் இல்ல, மறுபடி அந்தச் சண்ட எதுக்குன்னு வுட்டுட்டேன்" என்றார். பிறகு தண்ணீர் கட்டப் போகிறேன் என்று மறுபடி வயலுக்கே கிளம்பினார். அப்போதுதான் கட்டிவிட்டு வந்திருந்தார். நானும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிற பேச்சே கூடாது. பவித்ராவிடம் நீ சொல்லித்தான் ஆகவேண்டும், மறைத்துக் கட்டினால் எனக்குப் பிடிக்காது. அவளோடு குடித்தனம் நடத்தப் போகிறவன் நீ, அதனால் ஒன்று சொல்கிறேன். நீ ஜிம்முக்குப் போய் இளைத்து, "ஃபிட்டா இருக்கேனாம்மா?" என்று கேட்டு போட்டோ அனுப்புகிறாய். உன் கன்னம் ஒட்டியது உன் முயற்சியால் என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் இனிமேல் அனுப்பும்போது சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல். பவித்ரா என்றைக்காவது இளைத்தால், சூப்பராக இருக்கிறாய் என்று சொல்வதற்கு முன்னால் ஏன் என்று கேள். அவள் கோபித்துக்கொள்வாள், கேள். நீ முன்னே ஒரு தடவை ஏதோ சொல்லி அவள் முகம் சுளித்திருந்தாலும் பரவாயில்லை, கேள். நம் வீட்டில் மரியாதையாக வாயை மூடிக்கொண்டிருந்ததில் என்ன ஆனது என்று திங்கட்கிழமைக்கு அப்புறம்தான் நமக்கே தெரியும்.

உன் கல்யாணத்துக்கு நான் கட்டப்போகிற புடவைக்கு ஜாக்கெட் வெட்டிவிட்டேன். நீ எடுத்துக் கொடுத்த அதே பச்சைப் பட்டு. கழுத்து முடித்து, கை வைத்து, கொக்கியும் தைத்தாகிவிட்டது. பக்கத் தையல் மட்டும் போடவில்லை. எந்த அளவுக்குப் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு ஜாக்கெட்டை அப்படி நான் தொங்கவிட்டதில்லை. இரண்டு பக்கமும் துணி தாராளமாக விட்டிருக்கிறேன், விடுவதானாலும் விடலாம், பிடிப்பதானாலும் பிடிக்கலாம். முகூர்த்தத்தன்று காலையில் நான் எவ்வளவு இருக்கிறேனோ அந்த அளவுக்கு என் மேலேயே வைத்துக் குத்தித் தைத்துக் கொடு என்று மல்லிகாவிடம் சொல்லியிருக்கிறேன். சரிக்கா என்று சொல்லிவிட்டு அவள் நூல் வாங்கக் கடைக்குப் போனாள். நூல் நிறையவே இருந்தது.

பயமாக இருக்கிறது செந்தில். போட்டோவில் என் முகம் எப்படி வரும் என்று இல்லை. போட்டோவில் நான் இருப்பேனா என்று. திங்கட்கிழமை விடியும்போது நான் குளித்துவிட்டு வாசலில் நிற்பேன். காரை நிறுத்தி இறங்கியதும் என்னைப் பார். காதோரத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளாதே. முழுசாகப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, ஏம்மா இப்டி எளச்சிட்ட என்று கேள். எனக்கு இன்னும் பதில் தெரியாது. ஆனாலும் நீ கேட்டபிறகுதான் காரில் ஏறுவேன்.

அம்மா